சுவரக்காவின் முப்பத்தேழு மறுப்புகள்

1991 ஜூன் 12 — 3
1997 பிப்ரவரி 3 — 1
2017 ஜனவரி 30 — 11
2017 ஏப்ரல் 20 — 11
2017 ஆகஸ்ட் 8 — 3
2018 மே 25 — 37
2018 ஜூன் 11 — 90
2018 செப்டம்பர் 3 — 84

மேலே இருப்பதில் ஒன்றுகூடப் பணம் அல்ல. என் மனைவியின் தங்கை எப்படி நிலவியல் படிக்கப் போனாள் என்பதன் சுருக்கம் இது. சுருக்கம் மட்டும் போதும் என்றுதான் இத்தனை நாள் இருந்தேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு விதமாகக் கதை சொல்கிறார்கள். தேதிகளைக்கூட மாற்றிச் சொல்கிறார்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

முதல் வரியில் உள்ள மூன்று, மூன்று டிக் அடையாளங்கள். பள்ளியை முடித்த பிள்ளைகள் கல்லூரிக்கு அனுப்பும் விருப்பப் படிவத்தில் மூன்று கட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் படிப்புகளின் பட்டியல். முதல் விருப்பத்தை என் மாமனார் போட்டார்: வணிகவியல். இரண்டாவதை அவருடைய தம்பி போட்டார்: வேதியியல். மூன்றாவது கட்டத்துக்கு வந்தபோது மாமனார் பேனாவை என் பக்கம் நீட்டி, "மாப்பிள்ளையும் ஒண்ணு போடட்டும், அப்புறம் அவரக் கேக்கலன்னு இருக்கக் கூடாது" என்றார். நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. மரியாதையை மறுப்பது சரியில்லை. பட்டியலின் கடைசி வரியில் இருந்த புள்ளியியலில் டிக் போட்டேன். காரணம் ஒன்றே ஒன்றுதான். தாளை மடிக்கும்போது கடைசி வரியில் உள்ள மை வேறு எதன்மேலும் ஒட்டாது.

மைத்துனி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். வந்து கையெழுத்துப் போட்டாள். வணிகவியலிலும் வேதியியலிலும் இடம் நிரம்பிவிட்டது. மை ஒட்டாத கட்டம் கிடைத்தது. மூன்று வருடம் புள்ளியியல் படித்தாள். ஒரு தடவை மட்டும், பல வருடம் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னாள்: "எனக்கு என்ன வேணும்னு நான் யோசிக்கிறதுக்குள்ள நீங்க கவர ஒட்டிட்டீங்க அத்தான்." கவரை ஒட்டியது உண்மையில் அவளுடைய சித்தப்பா. ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்வது பொருத்தமாகப் படவில்லை.

இரண்டாவது வரியில் உள்ள ஒன்று, அவள் முட்டிய முதல் சுவர். 1997இல் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர்ந்தாள். ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நீளமான அறை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி. கேமில் வரும் உருவத்தை நடத்திக் கொண்டுபோய் ஒவ்வொரு சுவரிலும், ஒவ்வொரு பாறையிலும் முட்டவைக்க வேண்டும். உருவம் நின்றுவிட்டால் சரி. உள்ளே புகுந்துவிட்டால் ஓட்டை. ஓட்டையைக் கண்டால் பிழை அறிக்கை எழுத வேண்டும். அறிக்கைக்கு ஐந்து தலைப்புகள்: செய்த படிகள், எதிர்பார்த்தது, நடந்தது, தீவிரம், தேவையான திருத்தம். அந்த ஐந்தையும் எழுதி எழுதி, வீட்டில் குழாய் ஒழுகினால்கூட அப்படியே சொல்ல ஆரம்பித்தாள். "குழாய மூடினேன். நிக்கும்னு எதிர்பார்த்தேன். நிக்கல. தீவிரம் நடுத்தரம். வாஷர் மாத்தணும்." என் மனைவி, "ஒழுகுதுன்னு ஒரு வார்த்தையில சொல்லித் தொலையேன்டி" என்பாள்.

அலுவலகத்தில் சின்னப் பெண்கள் அவளைச் சுவரக்கா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அது வேறு விஷயம், அதற்குத் தனிக் கோப்பு இருக்கிறது.

நிலவியல் ஆசை அந்த மாடியில்தான் பிறந்தது. கேம்களில் பாறை வரைகிறவர் ஒரே ஒரு பாறையை வரைந்து, அதையே திருப்பியும் கவிழ்த்தும் மலை முழுக்க வைத்திருந்தார். உருளைக்கிழங்கு மாதிரி இருக்கும். வருடக்கணக்கில் அதில் முட்டிய பிறகு, இப்படி ஒரு கல் உலகத்தில் எங்கேயாவது இருக்க முடியுமா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறிப் போய் நிஜப் பாறைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். "ஆற்றங்கரையில் தேய்ந்த கல் மலை உச்சிக்கு எப்படி வந்தது" என்று அந்தக் கேம் பாறையைப் பற்றி ஒரு பிழை அறிக்கை எழுதினாள். கேமை உருவாக்குகிறவர்களிடமிருந்து பதில் வந்தது: "பிழை அல்ல. அமைப்பே அப்படித்தான். முடிக்கப்பட்டது."

அவள் அதிகம் பேசியது இன்னொரு அறிக்கையைப் பற்றி. ஆடுகிறவருக்கு முழுச் சுதந்திரம் என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு கேம் அது. ஊருக்குள் நுழைய மூன்று வாசல். எந்த வாசலில் போவது என்று ஆடுகிறவர் முடிவு செய்யலாம். எந்த வாசலில் போனாலும் ஒரே முற்றத்துக்குத்தான் வந்து சேர்வார். சுவரக்கா இதை ஓட்டை என்று எழுதினாள். அதற்கும் அதே பதில். "வாசல் மூணு இருக்கணுமாம் அத்தான். முற்றம் ஒண்ணு போதுமாம். ஆடுறவங்களுக்குத் தெரியாம இருந்தா சரியாம்" என்று என்னிடம் சொன்னாள்.

2017 ஜனவரியில் கல்வித் துறை தன்விருப்பக் கல்வித் திட்டத்தை அறிவித்தது. இளமையில் தங்கள் விருப்பப்படி படிக்க முடியாதவர்கள், நாற்பத்தைந்து வயது முடிவதற்குள் எந்தப் படிப்பில் வேண்டுமானாலும் சேரலாம். சுவரக்காவுக்கு அப்போது நாற்பத்து மூன்று. 2018 செப்டம்பர் 19 அன்று நாற்பத்தைந்து முடிகிறது. அதற்குள் சேர்க்கை ஆணை கையில் இல்லாவிட்டால், பிறகு எப்போதும் இல்லை.

விண்ணப்பம் பதினொரு பக்கம். ஏழாம் பத்தியில் ஒரு சான்றிதழ்: இந்த விருப்பம் எவருடைய வற்புறுத்தலும் இன்றி எடுக்கப்பட்டது என்று உறவினர் இருவர் கையெழுத்திட வேண்டும். இந்தச் சான்றிதழ் கட்டாயம். நானும் என் மனைவியும் கையெழுத்துப் போட்டோம். ஜனவரி 30 அன்று விண்ணப்பம் போனது.

ஏப்ரல் 20 அன்று திரும்பி வந்தது. சான்றளித்தவர்களில் ஒருவர், அதாவது நான், 1991 படிவத்தில் விண்ணப்பதாரருக்காக டிக் போட்டவர் என்று கையெழுத்து ஒப்பீட்டில் தெரிகிறதாம். அப்படிப்பட்டவர் வற்புறுத்தல் இல்லை என்று சொல்வதை ஏற்க முடியாதாம். இருபத்தாறு வருடத்துப் பழைய படிவம் எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தேன். கல்வித் துறையின் பதிவறையில் பதினொரு நிமிடத்தில் எடுத்தார்களாம். நான் 1979 முதல் 2015 வரை அந்தப் பதிவறையில்தான் வேலை பார்த்தேன். அந்த அடுக்கு என் அடுக்கு. பதினொரு நிமிடம் என்பது அங்கே இன்றும் பெருமையாகப் பேசப்படுகிறது.

"நல்லா அடுக்கினீங்க" என்றாள் என் மனைவி.

மேல்முறையீடு செய்ததும் நேர்முக விசாரணைக்கு அழைத்தார்கள். அது ஆகஸ்ட் 8. துணைக்கு நானும் போனேன். விசாரணை அறைக்கு மூன்று கதவுகள். ஒவ்வொன்றிலும் "விண்ணப்பதாரர் தாம் விரும்பும் கதவு வழியாக வரலாம்" என்று அட்டை தொங்கியது. சுவரக்கா முதல் கதவு வழியாக உள்ளே போனாள், வெளியே வந்தாள், இரண்டாவது வழியாகப் போனாள், வந்தாள், மூன்றாவது வழியாகவும் போனாள். பிறகு கதவுகளுக்கு நடுவில் இருந்த சுவரில் தோளால் லேசாக முட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். இருபது வருடப் பழக்கம். குழுவில் மூன்று பேர். மூவரும் ஏதோ குறித்துக்கொண்டார்கள்.

குழுத் தலைவர் மென்மையான மனிதர். கோப்பை மூடி வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

"ஏம்மா நிலவியல்?"

"பிடிச்சிருக்குங்க. இருபது வருஷமா பொய்ப் பாறையில முட்டிக்கிட்டிருக்கேன். நிஜப் பாறை என்னன்னு தெரிஞ்சுக்கணும்."

"ரொம்பப் பிடிச்சிருக்கோ?"

"ரொம்ப."

"வேற ஏதாவது குடுத்தா எடுத்துக்குவீங்களா?"

"மாட்டேங்க."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். அவர்கள் வருத்தத்தோடு தலையாட்டினார்கள்.

"அப்ப உங்களுக்கு வேற வழியே இல்லன்னுதானே அர்த்தம்? வேற வழியே இல்லாம எடுத்த முடிவ சுதந்திரமான முடிவுன்னு நாங்க எப்படிம்மா எழுதுறது?"

சுவரக்கா, என்ன செய்தால் சுதந்திரம் ஆகும் என்று கேட்டாள். அதற்கும் விதி இருந்தது. கல்லூரியில் மொத்தம் முப்பத்தெட்டுத் துறைகள். நிலவியல் போக மற்ற முப்பத்தேழிலும் ஒவ்வொரு நாள் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு துறையையும் ஏன் வேண்டாம் என்கிறாள் என்று ஒரு தாளில் காரணத்தோடு எழுதி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். முப்பத்தேழு மறுப்புகள் சேர்ந்தால், மிச்சமிருக்கும் ஒன்று அவளுடைய சொந்த விருப்பம் என்று ஏற்றுக்கொள்ளப்படும். புள்ளியியலை ஏற்கெனவே மூன்று வருடம் படித்திருக்கிறாளே என்று நான் குறுக்கிட்டேன். "அத அவங்க மறுக்கலையே சார், படிச்சுட்டாங்களே" என்றார் தலைவர். அதிலும் ஒரு நாள் உட்கார வேண்டியதாயிற்று.

செப்டம்பர் முதல் அடுத்த மே வரை போனாள். ஆண்டு விடுப்பு முப்பத்தைந்து நாள், காய்ச்சல் இரண்டு நாள். காய்ச்சல் இரண்டும் பொய். எல்லாத் தாள்களையும் எனக்குக் காட்டினாள், நகல் வைத்திருக்கிறேன். தத்துவத் துறைத் தாளில், "எதிர்பார்த்தது: பேராசிரியர். நடந்தது: அவர் வருவாரா என்பது பற்றி மாணவர்களுக்குள் விவாதம், ஐம்பது நிமிடம்" என்று இருக்கிறது. மேலாண்மைத் துறையில் வகுப்பை யார் எடுப்பது என்று மூன்று ஆசிரியர்கள் கூட்டம் போட்டு, அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தார்கள். இயற்பியலில் பாடம் நன்றாக இருந்தது என்று நேர்மையாக எழுதியிருந்தாள். ஆனால் அங்கே கற்கள் எல்லாம் மேலிருந்து கீழே விழுவதற்காக மட்டுமே இருந்தன. மே 25 அன்று முப்பத்தேழாவது தாள் முடிந்தது.

தவறு நடந்தது அந்தத் தாள்களில்தான். அவள் செய்த தவறு என்று மட்டும் சொல்ல முடியாது. நானும் படித்துப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். மறுப்பு எழுதச் சொன்னால், தன் தொழில் வழக்கப்படி ஐந்து தலைப்புகளில் எழுதிவிட்டாள். ஒவ்வொரு தாளிலும் நடந்தது என்ன என்று எழுதி, தீவிரம் எவ்வளவு என்று எழுதி, கடைசியில் "தேவையான திருத்தம்: விண்ணப்பதாரரை நிலவியலில் சேர்க்கவும்" என்று முடித்திருந்தாள். தபால் பிரிக்கும் எழுத்தர் தீவிரம் என்ற சொல்லைப் பார்த்தார். முப்பத்தேழையும் குறைதீர் பிரிவுக்கு அனுப்பிவிட்டார். ஜூன் 11 அன்று அவை முப்பத்தேழு புகார்களாகப் பதிவாயின.

இது எங்களுக்குத் தெரியாது. ஜூலை 2 அன்று, மறுப்புத் தாள்கள் எதுவும் வந்து சேரவில்லை, குறைதீர் பிரிவில் முப்பத்தேழு புகார்கள்தான் இருக்கின்றன என்று விசாரணைக் குழுவிடமிருந்து கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. வயது முடிய எழுபத்தொன்பது நாள் இருந்தது. புதிதாக எழுதிக் கொடுக்கவும் வழியில்லை. ஒரு துறையை இரண்டாவது முறை மறுக்க விதியில் இடமில்லை.

மறுநாள் இருவரும் குறைதீர் பிரிவுக்குப் போனோம். அதன் கண்காணிப்பாளர் என்னிடம் வேலை பழகியவர். எழுந்து நின்று நாற்காலி போட்டார். புகார்களைத் திரும்பப் பெற்று மறுப்புகளாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன்.

"தாராளமா சார். யாரோட வற்புறுத்தலும் இல்லாமத்தான் திரும்ப வாங்குறேன்னு மேடம் ஒரு சான்றிதழ் குடுக்கணும். ஆனா நீங்க கூட்டிட்டு வந்திருக்கீங்களே, அதுவே வற்புறுத்தல் மாதிரி தெரியுது."

"நான் வெளிய போய் நிக்கட்டுமா?"

"இப்ப போனா, நான் சொல்லித்தான் போனீங்கன்னு ஆயிடும் சார்."

மாலையில் சுவரக்கா குறைதீர் விதிப் புத்தகத்தையும் ஒரு பெரிய தாளையும் எடுத்துக்கொண்டு எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். கேமின் வரைபடம் போடுவது போல விதிகளை வரைந்தாள். ஒவ்வொரு விதியும் ஓர் அறை. ஒவ்வொரு "ஆனால்" என்பதும் ஒரு கதவு. பென்சிலால் ஒவ்வொரு சுவரிலும் முட்டிக்கொண்டே போனாள். மூன்றாவது நாள் பென்சில் ஓர் இடத்தில் நிற்காமல் உள்ளே போய்விட்டது.

ஒரு புகார் பதிவான நாளிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் சம்பந்தப்பட்ட துறை பதில் தராவிட்டால், புகாரில் கேட்டிருக்கும் திருத்தத்தைச் செய்து கொடுத்தாக வேண்டும். அதற்கு யார் சம்மதமும் தேவையில்லை. ஆணை தானாகத் தயாராகும். கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட வேண்டியதுதான். முப்பத்தேழு புகாரிலும் கேட்டிருந்த திருத்தம் ஒன்றே. ஏதாவது ஒரு துறை பதில் சொல்லாமல் இருந்தால் போதும். தொண்ணூறாவது நாள் செப்டம்பர் 9.

அவள் முகம் சந்தோஷமாக இல்லை. பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "அத்தான், இது ஓட்டை. ரிப்போர்ட் பண்ணணுமே" என்றாள்.

"யார்கிட்ட?"

"கல்வித் துறையிலதான். இருபத்தொரு வருஷத்துல ஓட்டையப் பார்த்துட்டு நான் சொல்லாம விட்டதே இல்ல."

என் மனைவி அடுப்படியிலிருந்து, "வாய மூடிக்கிட்டுச் சாப்பிட வா" என்றாள். சுவரக்கா வரைபடத்தை நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். நான் பார்த்தவரை, யாரும் படிவம் நீட்டாமல் அவள் எடுத்த முதல் முடிவு அது.

ஆனால் துறைகள் மிகவும் பொறுப்பாக நடந்துகொண்டன. ஜூலையில் பதினாறு பதில்கள் வந்தன. ஆகஸ்ட் பாதிக்குள் முப்பத்து மூன்று. எல்லாம் ஒரே மாதிரி: "பரிசீலிக்கப்பட்டது. குறை அல்ல. நடைமுறையே அவ்வாறுதான். முடிக்கப்பட்டது." தத்துவத் துறைகூடப் பதில் போட்டுவிட்டது. ஒவ்வொரு உறையைப் பிரிக்கும்போதும் அவள் வரைபடத்தில் ஒரு கதவை அடித்தாள். ஆகஸ்ட் 29 அன்று ஒரே ஒரு கதவுதான் அடிபடாமல் இருந்தது: நூலகவியல்.

அங்கிருந்து ஏன் பதில் வரவில்லை என்பது செப்டம்பர் 3 அன்று எனக்குத் தெரிந்தது. எண்பத்து நான்காவது நாள். பழைய ஆவணங்களை அடுக்குவதில் சந்தேகம் இருக்கிறது, ஐயா வந்து ஒரு பார்வை பார்க்க முடியுமா என்று நூலகவியல் துறையிலிருந்து எனக்குப் போன் வந்தது. அவர்களுக்கும் சுவரக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்களுக்குத் தெரியாது. போனேன். நீண்ட இரும்பு அலமாரிகள், ஒவ்வொன்றிலும் வரிசை எண். அவர்கள் ஒழுங்கானவர்கள், கைக்கு வரும் எந்தத் தாளையும் கீழே போடுவதில்லை. பொருள் பார்த்து, எண் கொடுத்து, உறை போட்டு அடுக்கிவிடுவார்கள். நான்காவது அலமாரியில், "வாசகர் கருத்துகள்" என்ற தலைப்பின் கீழ், சுவரக்காவின் புகார் இருந்தது. அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி, மிக அழகாக இருந்தது. பதில் சொல்ல வேண்டிய தாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

துறைத் தலைவி என் பின்னாலேயே நின்றாள். "இந்த அலமாரி சரியா இருக்குங்களா ஐயா? எதையாவது வெளிய எடுக்கணுமா?"

நான் அந்த வரிசையை இரண்டு முறை பார்த்தேன். எண் சரி. இடம் சரி. தூசி இல்லை. முப்பத்தாறு வருட வேலையில், தப்பான இடத்தில் இருக்கும் தாளைக் கண்டால் சொல்லாமல் வந்ததில்லை. சரியான இடத்தில் இருக்கும் தாளை அசைத்ததும் இல்லை.

"எல்லாம் சரியா இருக்கும்மா. இப்படியே இருக்கட்டும்" என்றேன்.

அவளுக்கு மகிழ்ச்சி. தேநீர் வரவழைத்தாள்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. செப்டம்பர் 9 அன்று நாங்கள் போனபோது சுவரக்கா, தபால்காரர் வரும் நேரம் தாண்டும் வரை தன் வீட்டு வாசலிலேயே நின்றாள். அன்று ஞாயிறு, தபால் கிடையாது என்று நான் சொல்லியும் நின்றாள். பிறகு எட்டு நாள் எந்தச் செய்தியும் இல்லை. அவளுக்கு வேலை ஓடவில்லை. கேமில் அவளுடைய உருவம் ஒரு பாறைக்கு முன்னால் முட்டாமல் நின்றுகொண்டே இருந்தது என்று அலுவலகப் பெண் ஒருத்தி என் மனைவியிடம் சொன்னாளாம். வயது முடிய இரண்டே நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. வேலைக்குப் போகும் வழியில், பிரிக்காமல் நேராக எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேசையில் வைத்து, முனை கிழியாமல் பிரித்தாள்.

புகாரின் மீது உரிய காலத்தில் பதில் வராததால், விண்ணப்பதாரர் நிலவியலில் சேர்க்கப்படுகிறார். இச்சேர்க்கை விதியின்படி நிகழ்வது. விண்ணப்பதாரரின் விருப்பத்தின்படி அல்ல. ஆகவே ஏழாம் பத்திச் சான்றிதழ் தேவையில்லை. விண்ணப்பதாரர் வேறு துறைக்கு மாற இயலாது. சேர்வது கட்டாயம்.

இரண்டு முறை படித்தாள். பிறகு என் மனைவியைப் பார்த்து, "அக்கா, என்னை வற்புறுத்துறாங்க" என்றாள். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை மறைக்க, "நேரமாச்சு, கிளம்புடி" என்று விரட்டினாள்.

இப்போது அவள் படித்து முடித்துவிட்டாள். எங்கள் ஜன்னலில் பதினான்கு கற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். ஒன்றுகூட உருளைக்கிழங்கு மாதிரி இல்லை. அவள் நுழைந்த விதியின் எண்ணை மட்டும் இங்கே குறிக்கவில்லை. குறித்தால் யாராவது அடைத்துவிடுவார்கள். நான் எழுதி வைத்தவற்றில் வேண்டுமென்றே விட்ட எண் அது ஒன்றுதான். மற்ற எல்லாம் சரியாக இருக்கின்றன.

கடைசிக் கடிதம் வந்த தேதி: 2018 செப்டம்பர் 17.